போலி வல்லமையின் எல்லை: விவிலியத்தின் விக்கிரகக் கண்டனமும் திருக்கோணமலையும்

திருக்கோணமலையிலே கோணேசர் கோயிலுக்குச் செல்லும் அடியார் ஒரு கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்லுதல் வேண்டும். பிரட்றிக் கோட்டை என இன்று வழங்கும் அக்கோட்டையின் வாயிற் கல்லிலே கயற் சின்னமும் சிதைந்த தமிழ்ச் சாசனமொன்றும் உள்ளன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் குலைப்பர் எனும் முன்னறிவிப்பாக மக்கள் அச்சாசனத்தை நெடுங்காலமாகப் படித்து வருகின்றனர். கோயிற் கற்கள் கோட்டைக் கற்களாயின என்பதற்கு வேறு சான்று தேடி அலைய வேண்டியதில்லை. அக்கற்களைப் பெயர்த்தவர்கள் கிறித்தவர்கள். விக்கிரகங்களைத் தகர்ப்பது கடவுளுக்கு உவப்பான பணி என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

நானும் ஒரு கிறித்தவன். அத்துறைமுகத்தின் கரையிலே வளர்ந்தவன். ஆகவே விவிலியம் விக்கிரக வழிபாட்டைக் கண்டிக்கும் பகுதிகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த வாயில் என் நினைவில் வந்து நிற்கின்றது. விவிலியம் கண்டிப்பது எதனை? போலித் தெய்வங்களுக்கும் போலி வல்லமைக்கும் அது குறிக்கும் எல்லை யாது? அவ்வெல்லையை அளவுகோலாகக் கொண்டு பார்த்தால் 17ஆம் நூற்றாண்டிலே அந்த மலையில் நின்றவர்களுள் போலி வல்லமையின் பக்கம் நின்றவர் யார்? இவ்வினாக்களை எழுப்புவது சமயப் பூசலுக்கு வித்திடுவதற்கன்று. எம்முடைய நூலை நாமே நேர்மையாகப் படிக்க முடியுமா என்பதை அறியும் பொருட்டே எழுப்புகின்றேன்.

விக்கிரகங்களைப் பற்றி விவிலியம் ஒன்றுக்கொன்று முரணான இரு கருத்துக்களைக் கூறுவதாக முதற்பார்வையில் தோன்றும். 115ஆம் சங்கீதமும் ஏசாயாவின் 44ஆம் அதிகாரமும் அவை வெறுமனே கையால் செய்யப்பட்டவை, பேசாதவை, கேளாதவை, ஒன்றுக்கும் உதவாதவை என்கின்றன. மறுபுறத்தில், வேற்றுத் தெய்வங்களின் பெயரால் செயற்படுவோர் உண்மையிலேயே சில அற்புதங்களைச் செய்வதாகவும் அதே நூல் கூறுகின்றது. எந்தோரிலிருந்த மந்திரக்காரி இறந்துபோன சாமுவேலை அழைக்கின்றாள், சாமுவேல் வருகின்றார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்திலே 8ஆம் அதிகாரத்தில் விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார். 10ஆம் அதிகாரத்தில் அதற்குப் படைப்பது பேய்களுக்குப் படைப்பதாகும் என்கிறார். பிரசங்க மேடைகளிலே இவ்விரண்டும் வேளைக்கேற்ப எடுத்தாளப்படுகின்றன. அயலவரைக் கேலி செய்ய வேண்டுமாயின் முதலாவது, அச்சுறுத்த வேண்டுமாயின் இரண்டாவது. இவ்விரண்டையும் இணைக்கும் இழை எது என்று கேட்போர் மிகச் சிலரே.

அந்த இழை யாத்திராகமத்தின் 7ஆம், 8ஆம் அதிகாரங்களில் அகப்படுகின்றது என்பது என் எண்ணம். பார்வோனுடைய அவையிலே ஆரோனின் கோல் பாம்பாகின்றது. எகிப்தின் மந்திரவாதிகளும் தம் கோல்களைப் பாம்பாக்குகின்றனர். நதிநீர் இரத்தமாகின்றது, அவர்களும் அவ்வாறே செய்கின்றனர். தவளைகள் நாட்டை மூடுகின்றன. அவர்களும் தவளைகளை வருவிக்கின்றனர். மூன்றாவது வாதையிலேதான், பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'பேன்' என வரும் அச்சிறு பூச்சியிலேதான், அவர்களுடைய வித்தை நின்றுபோகின்றது. அப்போது தம் அரசனிடமே சென்று இது கடவுளின் செயல் என்று ஒப்புக்கொள்கின்றனர். பின்னர் கொப்புளங்கள் தோன்றியபோது மோசேயின் முன் நிற்கவும் இயலாதவராய் மறைகின்றனர்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் பூச்சியை உண்டாக்க முடியாமற் போன இடத்தையே சுட்டிப் போலி வல்லமையின் எல்லை அதுவே என்பர். ஆயின் எல்லை அதற்கு முன்னரே, மந்திரவாதிகள் வெற்றி பெற்ற இடத்திலேயே, தொடங்கிவிடுகின்றது. நதிநீர் முழுவதும் இரத்தமாகி மக்கள் குடிக்க நீரின்றி நதியோரத்தில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருக்கும் வேளையிலே அரசனுடைய மந்திரவாதி செய்யவேண்டியது யாது? இரத்தத்தை நீராக்குதல் அன்றோ? அவனோ எஞ்சியிருந்த நீரையும் இரத்தமாக்கிக் காட்டுகின்றான். வீட்டிலும் அடுப்பிலும் மா பிசையும் தொட்டியிலும் தவளை நிறைந்து கிடக்கையில் அவன் மேலும் சில தவளைகளைக் கொணர்கின்றான். அரசவையிலே அது வெற்றி எனப் பாராட்டப்பட்டிருக்கும்! ஆயின் தவளைகளை அகற்ற வேண்டிய நிலை வந்தபோது பார்வோன் தன் மந்திரவாதிகளை அழைக்கவில்லை. மோசேயையும் ஆரோனையுமே அழைத்து வேண்டுகின்றான். துன்பத்தைப் போலச் செய்தலும் பெருக்குதலும் அவர்களுக்கு இயலும். துன்பத்தை எடுத்துவிடுதல் இயலாது.

போலி வல்லமை என்பது ஒன்றும் செய்ய இயலாத வெறுமை என்று விவிலியம் கூறவில்லை. அது செயற்படும், கண்ணைக் கவரும், அரசருக்குப் பயன்படும். அதனாலேயே உபாகமத்தின் 13ஆம் அதிகாரம் மிகக் கடுமையான ஒரு விதியை வகுக்கின்றது. ஒருவன் அடையாளமொன்றை முன்கூறி அது அவ்வாறே நிகழ்ந்தாலும், அவன் வேற்றுத் தெய்வங்களிடம் அழைப்பானாயின் அவனைப் பின்பற்றலாகாது என்கின்றது. அற்புதம் நிகழ்ந்தது என்பது உண்மைக்குச் சான்றாகாது என்று பண்டைச் சமயநூலொன்றே கூறுவது வியப்புக்குரியது. அற்புதங்களை விளம்பரம் செய்தே கூட்டம் சேர்க்கும் இக்காலத்துப் போதகர்கள் இவ்வதிகாரத்தை அதிகம் தொடுவதில்லை.

இவ்வல்லமைக்கு இன்னொரு பண்பும் உண்டு. அது உடைமையாளனுக்கு உரியது. எகிப்தின் மந்திரவாதிகள் அரசனின் பணியாளர். வைக்கோல் கொடாமல் செங்கல் கேட்கும் அரசனை நோக்கி, இது தகாது என்று சொல்ல அவர்களுடைய வித்தையில் இடமில்லை. சமாரியாவிலே சீமோன் எனும் மாயவித்தைக்காரன் அப்போஸ்தலரின் வல்லமையைக் கண்டு அதனை விலைக்கு வாங்க முயன்றான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். பிலிப்பியில் குறிசொல்லும் அடிமைப்பெண் ஒருத்தியைப் பவுல் விடுவித்தபோது அவளுடைய எசமானர்கள் சினந்தெழுந்ததற்குக் காரணம் இறையியல் அன்று, வருமானம் போனமையே. ஒரு வல்லமையை விற்கவும் வாங்கவும் முடியுமானால், அதனை ஆளுவோனிடம் அது எதனையும் கேட்பதில்லையானால், அது போலி. விவிலியத்தின் அளவுகோல் ஏறக்குறைய இதுவேயாகும்.

இந்த அளவுகோலை விவிலியம் முதலில் தன் மக்கள்மீதே வைக்கின்றது. இதனைப் பலர் கவனிப்பதில்லை. பெலிஸ்தருடன் நடந்த போரில் தோல்வி கண்ட இஸ்ரவேலர் உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்கு எடுத்துச் செல்கின்றனர். பெட்டி இருந்தால் வெற்றி நிச்சயம் என்பது அவர்களின் கணிப்பு. பெட்டி பகைவர் கையில் அகப்படுகின்றது. கடவுளின் கட்டளைப்படியே மோசே செய்த வெண்கலப் பாம்பு, பாம்புக் கடியால் மாண்டுகொண்டிருந்தவர்களைப் பிழைக்கச் செய்தது. பல தலைமுறைக்குப் பின் மக்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அதனை உடைத்துப்போட்டான். எபேசுவிலே ஸ்கேவாவின் பிள்ளைகள் எழுவர் இயேசுவின் பெயரையே மந்திரமாக உச்சரித்துப் பேயோட்ட முற்பட்டு அடிபட்டு ஓடுகின்றனர். பெட்டி உண்மையானது, பாம்பு உண்மையானது, பெயரும் உண்மையானது. கருவியாக்கப்பட்ட கணத்தில் மூன்றும் பொய்த்தன. ஆகவே விக்கிரகம் என்பது கல்லா மரமா என்பதைப் பொறுத்ததன்று. மனிதன் அதனோடு கொள்ளும் உறவைப் பொறுத்தது. ஏசாயா தம் 2ஆம் அதிகாரத்திலே நாட்டை நிறைத்திருக்கும் தீமைகளை அடுக்குகையில் வெள்ளியும் பொன்னும், குதிரைகளும் இரதங்களும், விக்கிரகங்களும் என்று ஒரே மூச்சில் கூறுகின்றார். கருவூலத்தையும் படையையும் சிலையையும் வேறுவேறு வகையாக அவர் பிரிக்கவில்லை.

ஏசாயாவின் பெயரால் வழங்கும் நூலின் 44ஆம் அதிகாரத்தில் வரும் தச்சன் கதையையும் இவ்விடத்தில் நேர்மையாக நோக்குதல் வேண்டும். ஒரே மரத்தின் ஒரு பாதியை எரித்து அப்பம் சுட்டுக் குளிர்காய்ந்தவன் மறுபாதியைத் தெய்வமாக்கி வணங்குகின்றான் எனும் அந்த நையாண்டி கூர்மையானது. அது நீதியானதா? பாபிலோனியர் தம் சிலைகளுக்கு 'வாய் கழுவும்' சடங்கு ஒன்றைச் செய்தனர் என்பது களிமண் பலகைகளிலிருந்து அறியப்பட்டுள்ளது. அச்சடங்கிலே சிற்பிகளின் கைகள் கட்டப்பட்டு, மரக்கத்தியால் வெட்டப்படுவது போலப் பாவனை செய்யப்படும். சிலையை நாம் செய்யவில்லை என்று சிற்பிகளே கூறுவர். மரத்துண்டு தெய்வமாகாது என்பதை அவர்களும் அறிந்திருந்தனர். நம்முடைய சைவ ஆகம மரபிலும் ஆவாகனம் இன்றி, பிரதிட்டை இன்றிச் சிலை வழிபடு திருமேனியாவதில்லை. கல்லைக் கல்லென்று அறியாத சைவர் எவர்?

இதனை 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டியவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாருடன் சேர்ந்து விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலே உழைத்தவர் அவர். அந்நூலை அக்காலப் பாதிரிமார் பலரினும் நுணுக்கமாக அறிந்தவர். 1854இல் வெளியான சைவதூஷண பரிகாரத்திலே யூதருடைய ஆலயம், பெட்டி, தூபம், விளக்கு, பலி ஆகியவற்றை எடுத்துக்காட்டி, உங்கள் நூலிலேயே உள்ளதை எங்களிடம் கண்டபோது மட்டும் அஞ்ஞானம் என்பதேன் எனும் பொருள்பட வினவினார். இவ்வினாவுக்குக் கிறித்தவத் தமிழர் இன்றுவரை தக்க விடை கூறியதாக எனக்குத் தோன்றவில்லை. விடை கூறுவதற்குப் பதிலாக நாங்கள் நல்ல பாடசாலைகளைக் கட்டினோம்.

எனினும் ஏசாயாவின் நையாண்டியைத் தள்ளிவிடுவதற்கில்லை. அது யாருடைய வாயிலிருந்து, எந்த நிலையிலே வந்தது என்பதைக் கொண்டே அதன் பொருளை உணரலாம். எருசலேம் எரிந்து, ஆலயம் இடிந்து, மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட காலத்தின் குரல் அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வென்ற பேரரசின் தெய்வங்கள் வீதியுலா வருகின்றன. தோற்றவனுடைய கடவுளுக்கு ஒரு குடிசையும் இல்லை. அந்நிலையிலே அகதி ஒருவன் தன் மக்களின் அச்சத்தைப் போக்க, அந்தப் பெருந்தெய்வங்களின் மரத்தைத் தட்டிக்காட்டிச் சிரிக்கின்றான். அச்சிரிப்பு படையில்லாதவனின் சிரிப்பு. அதே சொற்களைப் பீரங்கியுடன் வந்த தளபதி ஒருவன் சொன்னால் அவை அதே சொற்களாகா.

இலங்கையிற் போர்த்துக்கேயரின் தலைமைத் தளபதியாக இருந்த கொன்ஸ்தந்தீனோ த சா சுவாமிமலைக் கோயில்களை இடித்துக் கோட்டை எழுப்பியது 1622க்கும் 1624க்கும் இடைப்பட்ட காலத்திலாகும். 1622 சித்திரைப் புத்தாண்டன்று சுவாமி வீதியுலாச் சென்றிருந்த வேளையிலே போர்வீரர் பூசகர் வேடம் பூண்டு உட்புகுந்தனர் என்பது செவிவழி மரபு. ஏழாம் நூற்றாண்டிலே சம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது. மலையுச்சியிலும் சரிவிலுமாக இருந்த கோயில்கள் தகர்க்கப்பட்டன. கற்கள் சில கடலில் வீழ்ந்தன. பல கோட்டைச் சுவரில் ஏறின.

இதன் காரணம் சமயவெறி மாத்திரமே என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1620இலே தென்மார்க்கு நாட்டுக் கப்பல்கள் அங்கு வந்து கோட்டையமைக்க முயன்றிருந்தன. கண்டியரசனும் வேற்று ஐரோப்பியரும் இணைந்தால் கிழக்குக் கரை கைநழுவிப் போகும் எனும் அச்சம் போர்த்துக்கேயருக்கு இருந்தது. துறைமுகத்தைக் காக்கும் மலை வேண்டும், கல் வேண்டும். இரண்டும் கோயிலிடம் இருந்தன. விக்கிரக நிந்தனை அதற்குக் கிடைத்த நல்ல உரை. ஏசாயாவின் தச்சன் ஒரு பாதியை அடுப்பிலிட்டு மறுபாதியை வணங்கினான். இவர்கள் ஒரு மலையின் கற்களை அஞ்ஞானம் என்று இடித்து, அதே கற்களை அடுக்கி, எங்களைக் காப்பாய் என்று அவற்றின் பின்னே ஒதுங்கினர். ஏசாயாவின் பட்டியலிலே குதிரையும் இரதமும் விக்கிரகத்துக்கு அருகில் நின்றதை இங்கே நினைத்தல் தகும்.

விவிலியத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. யெகூ என்பவன் பாகாலின் அடியார்களையெல்லாம் வஞ்சகமாகக் கோயிலினுள் திரட்டிக் கொன்று, கோயிலை இடித்து, அவ்விடத்தை மலகூடமாக்கினான். மாபெரும் விக்கிரக விரோதி! ஆயின் பெத்தேலிலும் தாணிலும் இருந்த பொற்கன்றுக்குட்டிகளை அவன் தொடவில்லை என்று இராசாக்களின் இரண்டாம் நூல் தொடர்ந்தே குறிப்பிடுகின்றது. ஏன் தொடவில்லை? அவை அரசின் தேவைக்காக நிறுவப்பட்டவை. மக்கள் எருசலேமுக்கு யாத்திரை போனால் தன் ஆட்சி நிலைக்காது என அஞ்சிய யெரொபெயாம் தன் நாட்டின் தென்னெல்லையில் ஒன்றும் வடவெல்லையில் ஒன்றுமாக அவற்றை வைத்தான். பாகாலை அழித்தவன் எல்லைக் கற்களாக நின்ற தன் விக்கிரகங்களை விட்டுவைத்தான். பின்னர் வந்த ஓசியா தீர்க்கதரிசி, யெகூ சிந்திய இரத்தத்துக்குக் கணக்குக் கேட்கப்படும் என்று கடவுளின் பெயரால் அறிவித்தார். விக்கிரகத்தை உடைத்தவன் என்பதற்காக அவனுக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை.

கோட்டையின் வல்லமை எத்தனை காலம் நின்றது? 1630இலே கொன்ஸ்தந்தீனோ த சா கண்டியருடனான போரில் மாண்டார். 1639இல் ஒல்லாந்தர் கண்டியரசனின் துணையுடன் கோட்டையைக் கைப்பற்றினர். பின்னர் பிரெஞ்சுக்காரர், மீண்டும் ஒல்லாந்தர், ஆங்கிலேயர், மீண்டும் பிரெஞ்சுக்காரர் எனக் கைமாறி 1795இலே ஆங்கிலேயரிடம் வந்தது. யோர்க் கோமகன் பிரட்றிக்கின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது 1803இல். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின. 1957இலே பிரித்தானியக் கடற்படையும் அகன்றது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று அதனைப் புகழ்வது வழக்கம். அப்புகழ்ச்சியே அவ்வூருக்கு வந்த வாதைகளுக்கெல்லாம் மூலம்.

இதனிலும் சிந்திக்கத்தக்க ஒரு திருப்பம் உண்டு. 1658இலே ஒல்லாந்தர் தம் ஆட்சிப் பகுதிகளில் கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினர். கால்வினின் வழிவந்த அவர்களுக்குச் சுரூபங்களை வணங்கும் கத்தோலிக்கரும் விக்கிரகாராதனைக்காரரே. சைவரை விக்கிரகம் வணங்குவோர் என்று ஒறுத்தவர்களின் சமயத்தாரே ஒரு தலைமுறைக்குள் அதே குற்றச்சாட்டின்கீழ் மறைந்து செபிக்கலாயினர். 1687இல் கோவையிலிருந்து வந்த யோசே வாஸ் அடிகள் ஏழை வேடத்திலே இலங்கைக்குள் நுழைய நேர்ந்தது இதனால்தான். அவர் கோட்டையெதுவும் கட்டவில்லை. எந்தக் கோயிலையும் இடிக்கவுமில்லை. 2015இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. எகிப்தின் மந்திரவாதிகளையும் மோசேயையும் வேறுபடுத்தும் கோட்டை நம் நாட்டுக் கிறித்தவ வரலாற்றிலே தேடுவோர் இவ்விருவரையும், தளபதியையும் ஏழைக் குருவையும், அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இனி, இடிக்கப்பட்ட மலைக்கு வருவோம். சைவர் வணங்கியது கல்லை என்பது இடித்தவர்களின் கொள்கை. அக்கொள்கை சரியாயின், கல் போனபின் வணக்கமும் போயிருத்தல் வேண்டும். நிகழ்ந்தது யாது? திருமேனிகள் சில காப்பாற்றப்பட்டுத் தம்பலகாமத்திலே ஆதிகோணேசுவரம் எழுந்தது என்பர். மலையிலோ கோயில் இல்லை, சிலை இல்லை, கோட்டையும் காவலுமே உண்டு. எனினும் பாறையின் விளிம்பிலே நின்று கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டு வழிபடும் வழக்கம் மறையவில்லை. 19ஆம் நூற்றாண்டிலே இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர் தம் குறிப்புகளில் இக்காட்சியை எழுதியுள்ளனர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உருவமற்ற வெளியை நோக்கி ஒரு சமூகம் கைகூப்பி நின்றது. கி.மு. 63இலே உரோமத் தளபதி பொம்பேயு எருசலேம் ஆலயத்தின் மகா பரிசுத்த தலத்துள் துணிந்து புகுந்து, அங்கே எந்தச் சிலையும் இல்லாத வெறுமையைக் கண்டு திகைத்தான் என்று யூதர் பெருமையோடு நினைவுகூர்வர். நம் மலையின் வெறுமையும் அத்தகையதே. அதனைக் கண்ட கிறித்தவர் எவரும் விக்கிரக நிந்தனையை வேறு விதமாக எழுதத் தூண்டப்பட்டதாகத் தெரியவில்லை!

1950இலே கிணறு ஒன்று தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய வெண்கலத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1956இலே ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் மூழ்கிக் கடலுக்கடியிலே கோயிற் சிதைவுகளைக் கண்டனர். 1963இலே புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. திருமேனிகள் மீண்டதை அற்புதம் என்று அன்பர்கள் போற்றுவர். அவர்களின் மகிழ்ச்சி எனக்கு விளங்குகின்றது. அற்புதத்தைக் கொண்டு உண்மையைத் தீர்மானிக்கலாகாது என்னும் உபாகமத்தின் விதியை நான் ஏற்பதால் அதைப்பற்றி முடிவு கூற முற்படேன். ஆயின் அதே விதி மறுபக்கத்துக்கும் பொருந்தும். கோயில் இடிந்ததை வைத்து அங்கு வணங்கப்பட்ட தெய்வம் பொய் என்று நிறுவவும் இயலாது. எருசலேம் ஆலயம் இருமுறை இடிந்தது.

என் வாதத்துக்கு எதிரே பெரிய தடையொன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. உபாகமத்தின் 12ஆம் அதிகாரம் கானானியரின் பலிபீடங்களை இடிக்கும்படியும் சிலைகளை நொறுக்கும்படியும் வெளிப்படையாகக் கட்டளையிடுகின்றது. கர்மேல் மலையிலே பாகாலின் தீர்க்கதரிசிகள் நானூற்றைம்பதின்மரையும் வென்ற எலியா, பின்னர் கீசோன் ஆற்றங்கரையிலே அவர்களைக் கொல்வித்தார். கொன்ஸ்தந்தீனோ த சாவின் குருமார் இப்பகுதிகளைத் தவறாக வாசித்தனர் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அவை அங்கே இருக்கின்றன.

இதற்கு நான் கூறக்கூடியது விவிலியம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் விதத்தை மட்டுமே. கர்மேலிலே வானத்திலிருந்து நெருப்பு இறங்கியது, மக்கள் ஆரவாரித்தனர், மறுநாள் யேசபேல் எலியாவின் உயிரைக் கேட்டபோது அவருக்காக எழுந்து நிற்க ஒருவரும் இல்லை. ஓரேபு மலைக்கு ஓடிய அவருக்குப் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் கடவுள் இருக்கவில்லை. மெல்லிய ஓர் ஒலிக்குப் பின்னரே அவர் கடவுளைச் சந்தித்தார். முந்திய அதிகாரத்தின் நெருப்புக்கு அடுத்த அதிகாரம் தரும் விடை அது. தந்தையின் பாகால் பலிபீடத்தை இரவோடிரவாக இடித்த கிதியோன், போர்க்கொள்ளைப் பொன்னிலே தானே ஒன்றைச் செய்து வைக்க, இஸ்ரவேலர் அதனை வணங்கிக் கெட்டனர். உபாகமச் சட்டத்தை நாடெங்கும் செயற்படுத்திய யோசியா கி.மு. 609இலே மெகிதோவில் எகிப்தியரால் கொல்லப்பட்டான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் எருசலேம் வீழ்ந்தது. அசுத்தம் நீக்கப்பட்ட அந்த ஆலயத்தின் வாயிலிலே நின்றுதான் எரேமியா, ஆலயம் இருக்கிறது எனும் நம்பிக்கையும் ஒரு பொய் என்றார். பெலிஸ்தரின் தாகோன் சிலை விழுந்தபோதோ அதனை எந்த மனிதனும் தள்ளவில்லை.

புதிய ஏற்பாட்டில் நிலை இன்னும் தெளிவு. எபேசுவிலே தியானாளின் வெள்ளிக் கோயில்களைச் செய்துவிற்ற தெமேத்திரியு கலகத்தைக் கிளப்புகின்றான். அப்போது நகரத்தின் அலுவலன் ஒருவன் எழுந்து, இம்மனிதர் கோயிற் கொள்ளையரும் அல்லர், நம் தேவியை இகழ்ந்தவரும் அல்லர் என்று சான்று பகர்கின்றான். விக்கிரக வணக்கத்தை அவ்வளவு வன்மையாக மறுத்த பவுலின் தோழர்களைப் பற்றி, அவ்வணக்கத்தைச் சேர்ந்த ஒருவனே அளித்த சான்று அது. இலங்கைக்குக் கிறித்தவத்தைக் கொணர்ந்தவர்களைப் பற்றி அத்தகைய சான்றொன்றைத் திருக்கோணமலைச் சைவர் எவரும் அளிக்க இயலாதாயிற்று.

யெரொபெயாமின் கன்றுக்குட்டிகள் பழங்கதையல்ல என்பதை 2005 மே மாதத்திலே திருக்கோணமலை கண்டது. நகரின் சந்தைப் பகுதியில் ஓரிரவிலே புத்தர் சிலையொன்று நிறுவப்பட்டது. அதைத் தொடர்ந்து கடையடைப்பும் பதற்றமும் பகையும் மூண்டன. அச்சிலையின் முன் அமர்ந்து அமைதி பெறுவது அதனை வைத்தவர்களின் நோக்கமாக அன்று தோன்றவில்லை. இடம் யாருடையது என்று கூறுவதே நோக்கமாயிற்று. மற்றச் சமயத்தாரும் இதிற் குற்றமற்றவர் அல்லர். சந்தி தோறும் சிலை நாட்டும் போட்டியிலே சிலுவைக்கும் பிள்ளையாருக்கும் பங்குண்டு. எல்லைக்கல்லாகும் சிலையிலே வணங்கப்படுவது நிலம். பற்றை விடச் சொன்ன புத்தரும் அங்கே ஏசாயாவின் பக்கமே நிற்பார் என நினைக்கின்றேன்.

கோணேசுவரத்துச் சைவரின் வழிபாடு என்னுடைய வழிபாடு அன்று. அவர்கள் காணும் இடத்திலே நான் கடவுளைக் காண்பதாகப் பாவனை செய்தால் அது அவர்களையும் ஏமாற்றுவதாகும். ஆயினும் விவிலியம் தரும் அளவுகோலை எடுத்து அந்த மலையிலே வைத்துப் பார்க்கும்போது, தவளைகளைப் பெருக்கியவர்கள் எம்மவரே என்பதை என்னால் மறுக்க முடியவில்லை.

2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் உரோமாபுரியிலே பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தலைமையில் திருச்சபையின் பிள்ளைகள் கடந்த காலத்திற் செய்த பாவங்களுக்காகப் பொதுமன்னிப்பு வேண்டப்பட்டது. பிற மக்களின் பண்பாடுகளையும் சமயங்களையும் இகழ்ந்த பாவமும் அவற்றுள் ஒன்றாக அறிக்கையிடப்பட்டது. அறிக்கை பொதுப்படையானது. கோட்டை வாயிலிலே கயல் பொறித்த கல் இன்றும் வைத்த இடத்திலேயே இருக்கின்றது. பூத்தட்டுடன் செல்வோர் அதனைக் கடந்து மலையேறுகின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நானும் சில வேளைகளில் அவ்வழியே நடந்து, கோயில் வாசலுக்கு இப்பால், கடல் தெரியும் இடத்திலே நின்று திரும்புவதுண்டு.